ஏறிடுச்சா தம்பி?

தண்டையார்பேட்டையில் ஒரு கண்டெய்னர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். இருபத்திரண்டு டிரெய்லர், ஒரு ஷெட், கணக்கு பார்க்க ஒரு அக்கா. டிரிப் பதிவு, டீசல், டிரைவர் பேட்டா எல்லாவற்றுக்கும் பிஎச்பி என்ற கணினி மொழியில் நான் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "தம்பி, டிரைவருங்க சீட்டெல்லாம் வாட்ஸ்அப்புல அனுப்புறாங்க, எது எந்த டிரிப்புன்னு தேடியே அக்காவுக்குப் பாதி நாள் போயிடுது. நம்ம புரோகிராம்லயே போட்டோ ஏத்துற மாதிரி பண்ணிக் குடுத்துடு" என்றார். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒழுங்காக நிற்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே வேலையைக் கையில் எடுத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

முதலில் அந்தப் போட்டோக்கள் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல்தான் நான் வேலையை ஆரம்பித்தேன். மணலியிலோ மாதவரத்திலோ சரக்கு நிலையத்தில் லோடு ஏற்றி எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத் துறைமுகத்துக்கு வண்டி கிளம்பும். சில நாள் நேராக உள்ளே போய்விடும். சில நாள் திருவொற்றியூரிலேயே வரிசை ஆரம்பித்து, வண்டிக்குப் பின்னால் வண்டி நின்று, காசிமேட்டைத் தாண்டி கேட்டைத் தொட விடிந்துவிடும். அப்படி நின்ற நேரத்துக்குப் பார்ட்டியிடம், அதாவது சரக்குக்காரரிடம், ஹால்டிங் என்ற காத்திருப்புக் கூலி வாங்க வேண்டும், அதில் டிரைவருக்கும் ஒரு பங்கு உண்டு. எத்தனை மணிக்குச் சரக்கு நிலையத்தை விட்டோம், எத்தனை மணிக்கு கேட் சீட்டு கைக்கு வந்தது என்று காட்டினால்தான் பார்ட்டி பணம் தருவார். எடைச் சீட்டு, சீல் நம்பர், காலிப் பெட்டியை யார்டில் இறக்கிய ரசீது, டெலிவரி சலானில் கையெழுத்து எல்லாமே இதே மாதிரிதான். ஒவ்வொரு போட்டோவும் யாரோ ஒருவருடைய பணம்.

வெப் பக்கத்தில் கோப்பு ஏற்றுவது என்பது 1995 நவம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் இருந்த எர்னஸ்டோ நெபல், லாரி மாசின்டர் இருவரும் ஆர்எஃப்சி 1867 என்ற ஆவணத்தில் எழுதி வைத்த யோசனை. இன்றைக்கும் மல்டிபார்ட் ஃபார்ம் டேட்டா என்று நாம் அனுப்புவது அதன் வழி வந்ததுதான். இத்தனை வருடம் பழகிய விஷயம், பட்டனை வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். லேப்டாப்பில் இருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றிப் பார்த்தேன், 300 கேபி, உடனே போனது. ஷெட்டில் கொண்டுபோய்க் கொடுத்த முதல் நாள் ஒருவருடைய போட்டோவும் போகவில்லை.

காரணம் சின்னதுதான். போன் கேமராவில் எடுத்த படம் 4 எம்பி, 5 எம்பி வரும். என்ஜின்எக்ஸ் சர்வரை நிறுவியபடியே விட்டால் 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது, 413 என்ற பிழையைத் திருப்பிக் கொடுக்கும். அதைக் கூட்டினால் அடுத்து பிஎச்பி நிற்கிறது: அதன் ஆரம்ப அளவு ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்த ஃபார்முக்கு 8 எம்பி. இந்த 8 எம்பிதான் என்னை ஒரு நாள் முழுக்கச் சுற்றவிட்டது. மொத்தம் அதைத் தாண்டினால் பிஎச்பி போட்டோவைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, ஃபார்மில் நிரப்பிய எல்லாவற்றையும் காலியாக நம் கையில் கொடுக்கிறது. டிரைவர் வண்டி நம்பர், டிரிப் நம்பர் எல்லாம் சரியாகப் போட்டு மூன்று போட்டோவோடு அனுப்புகிறார், திரும்பி வரும் பதில் "வண்டி எண்ணை நிரப்பவும்" என்பது. அவர் மறுபடி நிரப்புகிறார், மறுபடி அதே பதில். நாலாவது தடவை வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார், போகத்தானே செய்வார். இப்போது நான் வைத்திருக்கும் முறை, வெளி அடுக்கான என்ஜின்எக்ஸின் அளவு பிஎச்பியின் அளவைவிடவும், பிஎச்பியின் அளவு அதற்குள் ஓடும் என் கோடின் அளவைவிடவும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அப்போதுதான் "பெரிதாக இருக்கிறது" என்று சொல்வது என் கோடாக இருக்கும், அதுவும் தமிழில், எவ்வளவு பெரிது என்ற கணக்கோடு. அதைவிட நல்லது போனிலேயே அளவைப் பார்த்து, அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுவது.

அடுத்து கேமரா. ஃபார்மில் கேப்ச்சர் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் பட்டனைத் தொட்டதும் நேராகக் கேமரா திறக்கும். டிரைவருக்கு ஒரு தட்டல் மிச்சம் என்று சந்தோஷமாகச் சேர்த்தேன். ஆனால் அவர்கள் சீட்டை வாங்கிய இடத்தில் சிக்னல் இல்லை என்றால், முதலில் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்துதான் ஏற்றுவார்கள். அதற்குள் சீட்டு வேறொருவர் கைக்குப் போயிருக்கும். என் பட்டனோ கேமராவை மட்டும்தான் திறக்கும், கேலரிக்குப் போக வழி இல்லை. ஒரு அண்ணன் தன் போனில் இருந்த சீட்டுப் படத்தைக் கிளீனரின் போனில் திறந்து வைத்து, அந்தத் திரையைத் தன் போனால் படம் எடுத்து ஏற்றியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது, அன்றைக்கே அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். இன்னொன்று, மெமரி குறைவான ஆண்ட்ராய்டு போன்களில் கேமரா திறந்ததும் பின்னால் இருக்கும் பக்கத்தை போனே மூடிவிடும். படம் எடுத்துத் திரும்பினால் பக்கம் புதிதாக ஏறி, நிரப்பிய எதுவும் இருக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப நிரப்ப உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதி வைத்தால் இது தீரும், பத்து வரி கோடு.

இதெல்லாம் தொந்தரவு, அவ்வளவுதான். உண்மையில் நான் செய்த கெடுதல் வேறு.

ஐப்பசி மழை நேரம். சாலையில் தண்ணீர், வரிசை நகரவே இல்லை. எங்கள் வண்டி ஒன்று முதல் நாள் மதியம் கிளம்பி, நடுராத்திரி தாண்டி 2:40-க்குத்தான் கேட் சீட்டு வாங்கியது. அந்த டிரைவர் அண்ணன் சீட்டைப் படம் எடுத்து ஏற்றினார், திரையில் பச்சை டிக், "வெற்றிகரமாக ஏற்றப்பட்டது". மறுநாளே பார்ட்டி ஹால்டிங்குக்கு ஆதாரம் கேட்டார். அக்கா டிரிப்பைத் திறந்தால் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். அண்ணனைக் கேட்டால் ஏற்றினேன் என்கிறார். அக்கா கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுல இல்லையேண்ணா" என்கிறார். அவர் என் பக்கம் திரும்பி, "நான் ஏத்தலைன்னு சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். போனில் படம் இருக்குமே அண்ணா என்றேன். "பச்ச டிக்கு வந்துச்சேன்னு அழிச்சிட்டேன், போன்ல இடமே இல்லயே."

சர்வரில் போய்ப் பார்த்தேன். டேட்டாபேஸில் பதிவு இருந்தது, நேரம் 2:43. டிஸ்க்கில் கோப்பும் இருந்தது, அளவு 0 பைட். பக்கத்தில் இருந்தவற்றையும் பார்த்தேன், வரிசையாக 0, 0, 0. போட்டோக்களுக்கென்று தனியாக 25 ஜிபி டிஸ்க் வைத்திருந்தேன். ஒரு நாளைக்குச் சுமார் 250 போட்டோ, ஒவ்வொன்றும் 4 எம்பி என்றால் நாளைக்கு 1 ஜிபி, இருபத்தைந்து நாளில் நிரம்பும், பள்ளிக்கூடக் கணக்கு, நான் போட்டுப் பார்க்கவில்லை. டிஸ்க் நிரம்பியதும் கோப்பின் பெயர் மட்டும் உருவாகி உள்ளே எதுவும் எழுத முடியாமல் போயிருக்கிறது. டேட்டாபேஸ் வேறு டிஸ்க், அது பாட்டுக்கு வேலை செய்தது. என் கோடு முதலில் டேட்டாபேஸில் "வந்தது" என்று எழுதிவிட்டு, அப்புறம் கோப்பை நகர்த்தி, நகர்ந்ததா இல்லையா என்று பார்க்காமலே வெற்றி என்று சொல்லிவிட்டது. நகர்த்தும் கட்டளை பொய் என்ற மதிப்பைத் திருப்பித் தந்திருக்கும், நான் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை.

ஒன்றரை நாளில் அப்படிப் போனவை முந்நூறுக்கு மேல். பெரும்பாலானவற்றை மறுபடி வாங்க முடிந்தது, சிலவற்றை முடியவில்லை. அந்த ஹால்டிங் வரவில்லை. முதலாளியிடம் போய் தப்பு என் கோடில் என்று சொன்னேன், அண்ணனின் பங்கை ஆபீஸ் கொடுத்தது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலை பார்த்த மனிதரைப் பத்து பேர் நடுவில் பொய் சொல்பவர் மாதிரி நிற்க வைத்தது நான் எழுதிய ஒரு வரி. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு முழுதாக மாற்றி எழுதினேன். போனிலேயே ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு அடையாள எண் உருவாகும். சர்வர் கோப்பை அதே டிஸ்க்கில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதும், எழுதிய அளவைச் சரிபார்க்கும், ஷா-256 கைரேகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு அடையாளம்) போன் அனுப்பியதோடு ஒப்பிடும், சரியாக இருந்தால்தான் உண்மையான பெயருக்கு மாற்றும், அதன் பிறகுதான் டேட்டாபேஸில் பதிவு, அதற்கும் பிறகுதான் ரசீது எண். ரசீது எண் போனுக்கு வந்து சேரும் வரை போட்டோ போனின் உள்வரிசையில் இருந்துகொண்டே இருக்கும், சிக்னல் வரும்போது மறுபடி முயற்சி செய்யும். சர்வர் வாங்கிக்கொண்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்துபோனால்? போன் அதே அடையாள எண்ணோடு மறுபடி அனுப்பும், சர்வர் புதிதாகச் சேர்க்காமல் பழைய ரசீது எண்ணையே திருப்பிக் கொடுக்கும். இல்லாவிட்டால் ஒரே சீட்டு மூன்று தடவை ஏறி அக்காவுக்குக் குழப்பம்.

100% என்று காட்டும் அந்தப் பட்டையும் நம்பத் தகுந்தது இல்லை. அது சொல்வது போன் தன் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது என்பதை மட்டும்தான், அந்தப் பக்கம் யாராவது பத்திரமாக வைத்தார்களா என்று அதற்குத் தெரியாது. இப்போது திரையில் மூன்று நிலைதான்: "உங்கள் போனில் இருக்கிறது", "போய்க்கொண்டிருக்கிறது", "சேர்ந்தது, ரசீது எண் இது". டிஸ்க் 70% தாண்டினால் எனக்குக் குறுஞ்செய்தி வரும்.

டிஸ்க் விஷயம் வந்ததால் அளவைக் குறைத்ததையும் சொல்ல வேண்டும். அனுப்புவதற்கு முன் போனிலேயே படத்தைச் சின்னதாக்கிவிட்டால் சிக்னல் குறைவான இடத்திலும் போகும், இடமும் மிச்சம். நீளப் பக்கம் 1024 பிக்சல் என்று வைத்தேன், என் கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் அக்கா ஒரு எடைச் சீட்டைக் காட்டி, "இது முப்பத்தெட்டா, முப்பத்துமூணா?" என்று கேட்டார். புள்ளிப் புள்ளியாக அடிக்கும் பழைய பிரிண்டர், ரிப்பனில் மை தீர்ந்துபோய் எழுத்து வெளிறியிருந்தது, அதன் மேல் டிரைவரின் கட்டைவிரல் நிழல். 38,460 என்ற எண்ணில் 8-இன் இடது பக்கப் புள்ளிகள் சின்னதாக்கியதில் கரைந்துபோய் 3 மாதிரி நின்றது. ஐந்து டன் வித்தியாசம். பிறகு இருப்பதிலேயே மோசமான இருபது சீட்டுகளை ஷெட்டிலிருந்து பொறுக்கி வந்து, ஒவ்வொரு அளவிலும் வைத்து அக்காவையே படிக்கச் சொன்னேன். 1600 பிக்சல், தரம் 80 என்று வைத்தபோது இருபதையும் படித்துவிட்டார், படம் 400 கேபிக்குள் இருந்தது. அளவை முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் படத்தை வைத்து வேலை செய்பவர். நம் திரையில் அழகாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

படத்தைச் சின்னதாக்கும்போது அதற்குள் இருக்கும் எக்சிஃப் தகவல் போய்விடும். எந்தப் பக்கம் நிமிர்த்த வேண்டும், எப்போது எடுத்தது, சில போன்களில் எந்த இடத்தில் எடுத்தது என்பது வரை அதில் இருக்கும். இடம் போவது நல்லது, டிரைவர் வீட்டு வாசலில் எடுத்த படத்தில் வீட்டு இருப்பிடம் நமக்கு எதற்கு. நிமிர்த்துவதை முதலிலேயே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். ஆனால் எடுத்த நேரம் எங்களுக்கு முக்கியம். முதல் வடிவத்தில் ஏறிய நேரத்தை மட்டும்தான் வைத்திருந்தேன், 2:40-க்கு எடுத்தது சிக்னல் கிடைத்து 6:15-க்கு ஏறினால் கணக்கில் 6:15 என்று நின்றுவிடும். இப்போது எடுத்த நேரம், சேர்ந்த நேரம் என்று இரண்டையும் தனித்தனியாக வைக்கிறேன். போன் கடிகாரத்தை யாரும் மாற்றலாம் என்பதால் எடுத்த நேரத்தை மட்டும் நம்பவும் முடியாது, சீட்டில் அடித்திருக்கும் நேரத்தோடு சேர்த்து மூன்றையும் அக்கா பார்ப்பார்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள். கோப்பின் பெயரையும், அது என்ன வகை என்று உலாவி சொல்வதையும் நம்பக்கூடாது, இரண்டுமே அனுப்புபவர் கையில் இருப்பவை. உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளைப் பார்க்க வேண்டும்: ஜேபெக் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று ஆரம்பிக்கும், பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் அந்த மூன்று எழுத்தும். அது தாண்டினாலும் படத்தைச் சர்வரில் ஒரு தடவை திறந்து புதிதாக எழுதிவிடுவது நல்லது. எஸ்விஜி படத்துக்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம், எங்களுக்குத் தேவை இல்லை, அதனால் அனுமதியே இல்லை. ஏற்றியதை வைக்கும் இடம் வெப் ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும், அங்கே எந்தக் கோப்பும் புரோகிராமாக ஓடக்கூடாது.

இதில் நான் விட்ட பெரிய தப்பு ஒன்று. வேலைக்குச் சேரும் டிரைவர்களின் லைசென்ஸ், ஆதார் நகலையும் இதே வழியில் ஏற்ற வைத்திருந்தேன். பெயர்கள் 1, 2, 3 என்று வரிசையாக. முகவரியில் எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்தவருடைய ஆதார் திறந்துவிடும், லாகின்கூடக் கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக நானே கண்டுபிடித்தேன், வேறு யாரும் பார்த்த தடயம் சர்வரின் பதிவேட்டில் இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே நகர்த்தி, யூகிக்க முடியாத பெயர் கொடுத்து, கேட்பவர் யார் என்று பார்த்த பிறகே கொடுக்கும்படி மாற்றினேன். ஆதாரில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் நகலை ஆதார் ஆணையமே தருகிறது, அதை ஏற்றினால் போதும் என்றும் சொல்லிவிட்டோம். நம்பிக் கொடுத்த காகிதம், நம் கையில் இருக்கும்வரை அதற்கு நாம்தான் பொறுப்பு.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அக்கா பில்களை "கொடுங்கையூர் டீசல் பில்" என்று தமிழில் பெயர் வைத்து ஏற்றுவார். ஒரு நாள் "கொடுங்கையூர்" என்று தேடினால் பாதிதான் வந்தது, மீதியும் கண்ணெதிரே அதே பெயரில் இருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: யூனிகோடில் "கொ" எழுத இரண்டு வழி உண்டு. ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது எகரத்தின் கொம்பு தனியாக, கால் தனியாக என இரண்டு குறியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு சொற்கள். வெவ்வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்ததால் இரண்டும் கலந்துவிட்டிருந்தது. பெயரை வாங்கியதும் ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், தேடும் சொல்லையும் அப்படியே. இன்னொன்று, லினக்ஸில் கோப்பின் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு, "கொடுங்கையூர்" என்ற ஒரு சொல்லுக்கே 36 பைட் போய்விடும். அதைத் தாண்டிய பெயரில் கோப்பை உருவாக்கவே லினக்ஸ் விடாது, பைட் கணக்கில் பெயரை வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து நிற்கும். இப்போது டிஸ்க்கில் அடையாள எண்தான் பெயர், அவர் வைத்த தமிழ்ப் பெயர் டேட்டாபேஸில் முழுதாக இருக்கிறது, பதிவிறக்கும்போது அதே பெயரில் இறங்கும். "தமிழ்ல பேர் வைக்காதீங்க" என்று அக்காவிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த டிரைவர் அண்ணன் இப்போது ரசீது எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை டிரிப் ஷீட்டின் பின்னால் பேனாவால் எழுதி வைக்கிறார். முன்பெல்லாம் ராத்திரி வரிசையில் நிற்கும்போது எனக்கு போன் பண்ணி "ஏறிடுச்சா தம்பி?" என்று கேட்பார், இப்போது கேட்பதில்லை. ஆனால் போட்டோவை மட்டும் அவர் அழிப்பதில்லை. ரசீது எண் வந்தால் அழிக்கலாம் அண்ணா என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் தம்பி, பார்ட்டி காசு குடுக்குற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. போன வாரம் அதையும் சேர்த்துவிட்டேன்: அக்கா ஒரு டிரிப்பின் கணக்கை முடித்ததும் அந்த டிரைவரின் திரையில் "பணம் வந்துவிட்டது, இந்த டிரிப்பின் போட்டோக்களை இனி நீக்கலாம்" என்று வரும்.